தடையும் நாணயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழாவிலே பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் வினவினேன். சமயம், கல்வி, ஒழுக்கம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கிரிப்டோ நாணயத்தைப் பற்றிப் பேசுங்கள் சேர்" என்றார். முப்பது வருடங்களாகப் பேரேடும் ஐந்தொகையும் படிப்பித்தவன் நான். இந்தப் புதுக் காசைக் கையால் தொட்டதில்லை. தொடவும் முடியாது என்கிறார்கள். எனினும், கடந்த சில வருடங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இதனாலே கையைச் சுட்டுக்கொண்டு என் படலையடிக்கு வந்து நின்றதுண்டு. அதனால் இதை ஓரளவு படிக்க வேண்டியதாயிற்று. படித்ததைச் சொல்கிறேன்.

செயலாளர் இரண்டு கேள்விகளை எழுதித் தந்தார். முதலாவது: பல நாட்டு அரசாங்கங்கள் இந்த நாணயத்தைத் தடை செய்கின்றனவே, அப்படியானால் அது அழிந்துவிடுமா? இரண்டாவதைச் சற்று மெதுவான குரலில் கேட்டார்: அழியாது என்றால் நாங்கள் வாங்கலாமா? இரண்டுக்கும் விடை சொல்ல முயல்கிறேன். முதலிலே, இது என்ன பண்டம் என்று பெரியவர்களுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும்.

எங்கள் ஊரிலே சீட்டுப் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். இருபது பேர் சேருகிறார்கள். யார் காசு கட்டினார், யார் எடுத்தார் என்பது ஒரு கொப்பியிலே எழுதப்படுகிறது. அந்தக் கொப்பி சீட்டுப் பிடிப்பவர் கையிலே இருக்கிறது. அவர் நல்லவராக இருந்தால் சீட்டு நடக்கும். அவர் ஓர் இரவிலே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டால் சீட்டும் போய்விடும். வங்கியும் ஒரு வகையில் இப்படித்தான். கொப்பி அவர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு மேலே மத்திய வங்கி இருந்து பார்த்துக்கொள்கிறது என்பதே வித்தியாசம். இனி, அதே சீட்டிலே இருபது பேரிடமும் இருபது கொப்பிகள் இருக்கின்றன, ஒருவர் காசு கட்டினால் இருபது கொப்பியிலும் ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது, ஒருவர் தன் கொப்பியைத் திருத்தினால் மற்றவர்களின் கொப்பி அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுப் பிடிப்பவர் என்று ஒருவர் வேண்டியதே இல்லை. 2008ஆம் ஆண்டின் இறுதியில், சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் இப்படியொரு யோசனையை எழுதி வெளியிட்டார். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கிற்று. அதுவே பிட்கொயின். அவர் ஆணா, பெண்ணா, ஒரு கூட்டமா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. ஏறக்குறையப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உலகமெங்குமுள்ள கணினிகளிலே அந்தக் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் சேருகிறது. மொத்தம் இரண்டு கோடியே பத்து இலட்சம் நாணயங்களுக்கு மேல் வரமாட்டா என்பது அதன் விதி. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான வேறு நாணயங்கள் பின்னர் முளைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை முளைத்த இடத்திலேயே பட்டுப்போயின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கள்ளுத் தவறணையை மூட வேண்டுமானால் அரசாங்கம் அதன் கதவுக்குப் பூட்டுப் போடலாம். ஒரு பத்திரிகையைத் தடை செய்யவேண்டுமானால் அச்சகத்துக்குச் சீல் வைக்கலாம். தலைவரும் இல்லாத, தலைமைக் கந்தோரும் இல்லாத ஒரு கொப்பிக்கு எங்கே பூட்டுப் போடுவது? ஆகவே, தடை என்று ஓர் அரசாங்கம் சொல்லும்போது, அது தன் கைக்கு எட்டுகின்ற கதவுகளையே பூட்டுகிறது. அந்தக் கதவுகள் வங்கிக் கதவுகள்.

அரசாங்கங்கள் ஏன் தடை செய்கின்றன என்பதிலே பெரிய இரகசியம் இல்லை. நாணயம் அடிப்பது என்றும் அரசனுடைய உரிமை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தமது காசிலே நந்தியைப் பொறித்து, கீழே 'சேது' என்று எழுதினார்கள். அந்த முத்திரைதான் சந்தையிலே அதற்கு மதிப்பைக் கொடுத்தது. முத்திரை இல்லாத காசு ஓடத் தொடங்கினால், விலைவாசியையும் வட்டியையும் பிடித்து நடத்தும் கயிறு அரசின் கையிலிருந்து நழுவுகிறது. கள்ளப் பணம் மறைந்து போவதற்கும் வழியாகிறது. எங்களைப் போன்ற சிறிய நாடுகளுக்கு இன்னொரு பயம் உண்டு. அதுவே உண்மையான பயம். ஒருவர் இங்கே ரூபாவைக் கொடுத்து அந்த நாணயத்தை வாங்கி, அடுத்த நிமிடமே அதை ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிட்டால், நாட்டின் செல்வம் சுங்கத்தையும் காணாமல் வங்கியையும் காணாமல் கடல் கடந்துவிடும். டொலர் தட்டுப்பாடான நாட்டுக்கு இது சின்ன விஷயம் அன்று. அரசாங்கத்தின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பயம் நியாயமானது என்பதால் தடை பலிக்கும் என்று ஆகுமா? தடையைப் பற்றிக் குடாநாட்டு மக்களுக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் சில வருடங்கள் இங்கே பெற்றோல் வராது, பற்றரி வராது, சீமெந்து வராது, உரம் வராது. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலே வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். ஜாம் போத்தலிலே திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று பெரிய வைத்தியர்களாக இருக்கிறார்கள். கிளாலிக் கடலால் வந்த பற்றரிக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது முன்வரிசையிலே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தேவையான பொருளைத் தடை செய்தால் அது இல்லாமற் போவதில்லை. விலை ஏறி, இருட்டான ஒழுங்கையால் வரும். வாங்குகிறவன் ஏமாற்றப்பட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆனால் உவமையை நான் அளவுக்கு மிஞ்சி இழுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் இல்லாமல் அடுப்பு எரியாது. பிட்கொயின் இல்லாவிட்டால் யாருடைய அடுப்பு அணையும்? அது தேவைக்கும் ஆசைக்கும் நடுவிலே நிற்கிற ஒரு பண்டம். எந்த நாட்டில் அது தேவையாகிறதோ அங்கே தடை தோற்கிறது. எந்த நாட்டில் அது வெறும் ஆசையோ அங்கே தடை ஓரளவு நிற்கிறது. இதுவே என் அபிப்பிராயம்.

உலகத்திலே கடுமையாகத் தடை செய்த பெரிய நாடு சீனா. 2013இல் வங்கிகளை விலக்கி வைத்தது. 2017இல் இந்த நாணயங்களை மாற்றும் நிலையங்களை மூடிற்று. 2021 செப்டெம்பரில் இவற்றில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அனைத்தும் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், நாணயத்தைக் 'கிண்டி' எடுக்கும் பெரிய கணினிக் கொட்டகைகளையும் மூடுவித்தது. 2020இல் உலகத்துக் கிண்டலிலே மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலேயே நடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் எடுத்த கணக்கின்படி, 2021 ஜூலையில் அந்தப் பங்கு பூச்சியமாயிற்று. பிட்கொயினின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். நடந்தது என்ன? இயந்திரங்களைப் பெட்டியிலே கட்டி அமெரிக்காவுக்கும் கசகஸ்தானுக்கும் கொண்டுபோனார்கள். ஆறு மாதத்துக்குள் கிண்டல் பழைய அளவுக்கு வந்தது. அதைவிட வேடிக்கை, 2022 ஜனவரிக் கணக்கிலே சீனாவின் பங்கு திரும்பவும் ஐந்தில் ஒன்றாகத் தெரிந்தது. பூட்டிய கொட்டகைகளில் சில, பின்கதவால் திறந்திருந்தன. சீனப் பெருநிலத்திலே தடை இன்னும் இருக்கிறது. அதே கொடியின் கீழுள்ள ஹொங்கொங்கிலோ, 2023 ஜூன் முதல் இந்த நாணயங்களை மாற்றும் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கத் தொடங்கிவிட்டார்கள்.

சீனக் கதையைவிட எங்களுக்குப் படிப்பினை தருவது, பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த கதை. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2018 ஏப்ரில் 6ஆம் திகதி இந்திய றிசேவ் வங்கி ஒரு சுற்றுநிருபம் விட்டது. அதிலே, இந்த நாணயங்களை ஒருவர் வைத்திருப்பது குற்றம் என்று எழுதப்படவில்லை. இவற்றில் வியாபாரம் செய்கிற எவருக்கும் எந்த வங்கியும் சேவை செய்யக்கூடாது, மூன்று மாதத்துக்குள் தொடர்பை அறுத்துவிட வேண்டும் என்றே எழுதப்பட்டிருந்தது. நான் முன்பு சொன்ன கதவு இதுதான். வீட்டுக்காரனை வெளியே போ என்று சொல்லவில்லை; கிணற்றுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டார்கள். சில மாற்று நிலையங்கள் கடையை மூடின. மற்றவை புதிய வழி பிடித்தன. வாங்குபவனையும் விற்பவனையும் நேரே அறிமுகப்படுத்திவிட்டு, காசை நீங்களே உங்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கி நின்றன. வியாபாரம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நகர்ந்தது. அடுத்த வருடம் ஒரு சட்ட வரைவும் வெளிவந்தது. இந்த நாணயத்தை வைத்திருந்தாலே பத்து வருடம் வரை சிறை என்று அதில் கண்டிருந்தது. அந்த வரைவு பாராளுமன்றத்துக்குப் போகவேயில்லை.

வியாபாரிகள் வழக்கு வைத்தார்கள். 2020 மார்ச் 4ஆம் திகதி புதுடில்லி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்தச் சுற்றுநிருபத்தைச் செல்லாததாக்கினார்கள். தீர்ப்பை எழுதியவர், சென்னையிலே நீதிபதியாக இருந்து பின் டில்லிக்குச் சென்ற வி. இராமசுப்பிரமணியன் அவர்கள். (இங்கே ஒரு சொல்: நாங்கள் கொழும்பிலே உயர் நீதிமன்றம் என்று சொல்வதை அவர்கள் உச்ச நீதிமன்றம் என்பர். அவர்கள் உயர் நீதிமன்றம் என்பது மாநில நீதிமன்றத்தை. பத்திரிகை வாசிக்கும்போது மயங்க வேண்டாம்.) தீர்ப்பின் சாரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆபத்து வருமுன் காக்கும் அதிகாரம் றிசேவ் வங்கிக்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால், இந்த வியாபாரத்தாலே உங்கள் கீழுள்ள எந்த வங்கிக்காவது இன்ன தீங்கு நேர்ந்தது என்று நீங்கள் காட்டவில்லையே. நாணயத்தையே தடை செய்யாத நிலையில், அதை வியாபாரம் செய்பவனின் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு ஒரு நடவடிக்கை பொருத்தமா என்று கேட்டது. நோய்க்குத் தக்க மருந்தா என்பதே கேள்வி. சட்டம் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தீர்ப்பைத் தேடி வாசிக்க வேண்டும். நீளமானது, ஆனால் பிரயோசனமானது.

அதன் பிறகு இந்திய அரசாங்கம் தடையை மறந்துவிட்டு வரியைக் கையில் எடுத்தது. 2022 ஏப்ரில் முதல் இந்த நாணயத்தில் வரும் இலாபத்துக்கு நூற்றுக்கு முப்பது வரி. நட்டம் வந்தால் அதை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது. தவறணையை மூடாமல் வரியை ஏற்றிக்கொண்டு போவது போல. இதைச் சிலர் நல்லது என்றார்கள், சிலர் அநியாயம் என்றார்கள். அது எப்படியானாலும், வரி கட்டியவன் ஒரு விஷயத்தைப் பெற்றுக்கொண்டான். அவன் கள்ளன் அல்லன், நீதிமன்றத்தின் படியேறலாம்.

அப்படிப் படியேறிய ஒருவருடைய வழக்கு 2025 ஒக்டோபரிலே சென்னையில் தீர்மானிக்கப்பட்டது. அவர் 2024 ஜனவரியில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் இந்திய ரூபாவுக்கு எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் 3,532 வாங்கி, வசீர்எக்ஸ் என்னும் மாற்று நிலையத்திலே வைத்திருந்தார். அந்த வருடம் ஜூலையில் அந்த நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான வேறு வகை நாணயங்கள் களவு போயின. நிலையத்தார் எல்லோருடைய கணக்கையும் முடக்கினார்கள். நட்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றார்கள். என் பொருள் களவு போகவில்லையே, அதை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பது அந்த முதலீட்டாளரின் கேள்வி. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இந்த நாணயம் சட்டப்படியான காசு அன்று. ஆனாலும் அது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொல்லி, அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தார். 2018இன் அடைப்பு அப்படியே இருந்திருந்தால், அவர் எந்த முகத்தோடு அந்தப் படியேறியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்ற நாடுகளின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். நைஜீரியா 2021இல் வங்கிகளை விலக்கிற்று. 2023 டிசெம்பரில் விலக்கை எடுத்தது. பொலிவியா 2014இல் தடை செய்தது. டொலர் தட்டுப்பாடு முற்றிய பின் 2024இல் நீக்கிற்று. பாகிஸ்தான் 2018இல் வங்கிக் கதவைப் பூட்டிற்று. 2025இல் இதற்கென்றே ஒரு சபை அமைத்தது. நேபாளம் 2017இல் சட்டவிரோதம் என்றது. மறுபக்கத்திலே, 2021இல் எல் சல்வடோர் பிட்கொயினைச் சட்டப்படியான காசாக்கி, கடைக்காரர் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டளையிட்டது. 2025இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கட்டளையிட்டு ஒரு காசை ஒழிப்பது கடினம் என்பது போலவே, கட்டளையிட்டு அதை ஓட வைப்பதும் கடினம்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையிலே தடை உண்டா என்று கேட்டால், உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய வங்கி 2018இலும், 2021இலும், 2022இலும் எச்சரிக்கை விட்டது. இந்த நாணயம் சட்டப்படியான காசு அன்று, இதிலே தொழில் செய்ய எவருக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, ஆபத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்பது அவற்றின் சுருக்கம். 2021இலே, வங்கி அட்டைகளைக் கொண்டு இதற்குப் பணம் செலுத்தக் கூடாது என்று வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் பணிப்புரையும் வந்தது. வைத்திருப்பவனைப் பிடிப்போம் என்று அவை சொல்லவில்லை. வைத்திருக்கலாம் என்றும் சொல்லவில்லை. முன்கதவு பூட்டு, பின்வளவுக்கு வேலி இல்லை.

இதிலே என்ன தீமை என்பதற்கு முதலில் உண்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். கோவில் உண்டியலைச் சொல்லவில்லை. அதிலே போட்ட காசு எங்கே போகிறது என்று கேட்கப் பொதுக்கூட்டமாவது உண்டு. வெளிநாட்டிலிருந்து காசு வருகிற உண்டியலைச் சொல்கிறேன். யாரும் பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். லண்டனில் ஒருவரிடம் பவுண் கொடுத்தால், இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து ரூபா எண்ணித் தருவார். எல்லைக்கு மேலாலே காசு போவதில்லை. சொல் மட்டும் போகிறது. சட்டம் அதைத் தடை செய்திருந்தும் அது நின்றதில்லை.

2021 செப்டெம்பர் தொடங்கி 2022 மார்ச் வரை, வங்கியிலே ஒரு டொலருக்கு இருநூறு ரூபாவுக்குச் சற்று மேலே என்று பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியலிலே அதைவிட 30, 40 ரூபா கூட. வங்கியால் அனுப்பினால் டொலருக்குப் பத்து ரூபா ஊக்கம் என்றார்கள். உண்டியலுக்குச் சட்டம் பாயும் என்றார்கள். நடந்ததைக் கணக்கே சொல்லும். 2020இல் வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பியது 710 கோடி டொலர். 2021இல் ஏறக்குறைய 550 கோடி. 2022இல் 380 கோடிக்கும் சற்றுக் குறைவு. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் விலை வித்தியாசமே பெரிய காரணம். 2022 மார்ச்சில் ரூபாவை விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் டொலர் 360 ரூபா ஆயிற்று. பின்னர் வங்கி விலையும் தெரு விலையும் நெருங்கி வந்தன. 2023இல் திரும்பவும் ஏறக்குறைய 600 கோடி டொலர் வங்கியால் வந்தது. எந்தப் பொலிசாரும் இதைச் செய்யவில்லை. வங்கி விலை நியாயமானபோது சனங்கள் தாமாகவே வங்கிக்குத் திரும்பினார்கள்.

அந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிற்று. சேமலாப நிதியை வங்கியிலே போட்டு வைத்திருந்த என் போன்ற ஓய்வூதியக்காரரின் காசு, எடுக்காமலேயே அரைவாசியாயிற்று. அப்போதுதான் இளைஞர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: அரசாங்கத்தின் முத்திரை உள்ள காசே இப்படியென்றால், முத்திரை இல்லாத காசிலே என்ன குறை? அந்தக் கேள்வியிலே நியாயம் இல்லை என்று என்னாலே சொல்ல முடியவில்லை. வேறு காசைத் தொடாதே என்று சொல்கிற அரசாங்கம், தன் காசைத் தேயாமல் வைத்திருக்க வேண்டாமா?

அந்தக் கேள்வியோடு இருந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். என்னிடம் உயர்தரம் படித்தவன்; கெட்டிக்காரன்; பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளி குறைந்துவிட்டது. 2022இல் ஒரு நண்பன் தொலைபேசியிலே ஒரு செயலியைக் காட்டினான். ரூபாவைக் கட்டினால் அதிலே டொலராகத் தெரியும். நாளுக்கு நாள் ஏறும். இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் விரைவாக ஏறும். கிரிப்டோ என்ற பெயர்தான் அதிலே இருந்தது. நான் சொன்ன இருபது கொப்பி அதிலே இல்லை. ஒரே கொப்பி, அதுவும் எவன் கையிலே என்று தெரியாது. முதல் மாதம் கொஞ்சக் காசு கைக்கு வந்தது. அந்த நம்பிக்கையிலே தாயின் சங்கிலியை அடைவு வைத்தான். ஒரு திங்கட்கிழமை காலை, காசை மீட்க முடியாது, திருத்த வேலை நடக்கிறது என்று செயலியில் வந்தது. அந்தத் திருத்த வேலை இன்றைக்கும் முடியவில்லை.

முறைப்பாடு செய்யப் போனான். யாரிடம் கட்டினாய் என்று கேட்டார்கள். நண்பனிடம் என்றான். நண்பன் யாரிடம் கட்டினான்? வட்ஸ்அப்பிலே ஒரு பெயரிடம். பற்றுச்சீட்டு உண்டா? இல்லை. சட்டவிரோதமான வேலையிலே காசைப் போட்டுவிட்டு இங்கே வருகிறாயா என்றும் ஒருவர் கேட்டாராம். அது சட்டவிரோதமா என்பது கேட்டவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

என் விறாந்தையிலே இருந்து அவன் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "சேர், தடை எண்டு சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டன். ஓம் எண்டு சொல்லியிருந்தா ஆரிட்டைப் போய்க் கேக்கிறது எண்டாவது தெரிஞ்சிருக்கும். ரண்டும் சொல்லேல்லை."

தன் பிழையை மறைக்க அவன் இப்படிச் சொல்கிறான் என்று முதலில் நினைத்தேன். பேராசை பெருநட்டம் என்று சொல்லவும் வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. அவனுடைய பிழையை அவன் அறிவான். ஆனால் அவன் சொன்னதிலே பாதி உண்மை. 2023இல் மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது, அதிலே நாணயத்தின் பெயரைச் சொல்லி நடந்தவையும் இருந்தன. பட்டியல் வந்தபோது காசு போய்விட்டது. பிரமிட் திட்டத்தைத் தடை செய்த சட்டம் நல்ல சட்டம். நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஏனெனில் அது கொப்பியைத் தடை செய்யவில்லை. கொப்பியைக் காட்டி ஏமாற்றுபவனைத் தடை செய்கிறது. அதற்கு ஒரு தலைவன் உண்டு, கந்தோர் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. அரசாங்கத்தின் கை எட்டுகிற இடம் அது. எட்டுகிற இடத்திலே நேரத்துக்குக் கை வைக்காமல், எட்டாத இடத்தைப் பார்த்து எச்சரிக்கை விட்டுக்கொண்டிருப்பதிலே என்ன பயன்?

செயலாளரின் கேள்விகளுக்கு வருகிறேன். தடைகளாலே இந்த நாணயம் அழியுமா? இதுவரை அழியவில்லை. 2017இன் முடிவில் ஒரு பிட்கொயின் இருபதினாயிரம் டொலரை நெருங்கிற்று. 2021 நவம்பரில் 69,000 வரை ஏறிற்று. ஒரு வருடத்தில் 16,000க்குக் கீழே விழுந்தது. 2024 டிசெம்பரில் ஒரு இலட்சத்தைத் தாண்டிற்று. இதற்குள்ளே எத்தனையோ தடைகள் வந்து போயின. 2022இல் அது விழுந்ததற்குத் தடை காரணம் அன்று, எவ்.ரி.எக்ஸ். என்ற பெரிய மாற்று நிலையத்தின் முதலாளிகள் மற்றவர்களின் காசிலே கை வைத்ததும் ஒரு காரணம். சீட்டுப் பிடிப்பவரே வேண்டாம் என்று தொடங்கிய சீட்டிலும், சனங்கள் தாமாகத் தேடிப் போய் ஒரு சீட்டுப் பிடிப்பவரிடம் கொப்பியைக் கொடுக்கிறார்கள். எங்கே சறுக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே பாருங்கள். தடைகள் செய்வது வேறொன்று: இந்த வியாபாரம் வங்கி வாசலில் நடக்குமா, ஒழுங்கையில் நடக்குமா என்பதை அவை தீர்மானிக்கின்றன. பணக்காரன் துபாயிலோ ஹொங்கொங்கிலோ கணக்குத் திறந்து வெளிச்சத்திலே வாங்குவான். ஒழுங்கை எங்கள் பிள்ளைகளுக்கு.

வாங்கலாமா? ஒரு நாளிலே பத்துவீதம் ஏறி மறுநாள் பத்துவீதம் இறங்குகிற பண்டத்தை, சீதனக் காசிலோ, அடைவு வைத்த சங்கிலியிலோ, தமையன் பனியிலே நின்று உழைத்து அனுப்பிய காசிலோ வாங்கக் கூடாது. இதற்குச் சட்டம் தேவையில்லை. சொந்த உழைப்பிலே, போனால் போகட்டும் என்று ஒருவர் வாங்கினால் நான் மறிக்கப் போவதில்லை. ஆனால் வாங்குமுன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். கொப்பி யாரிடம் இருக்கிறது? ஆள் சேர்த்தால் காசு என்கிறார்களா? களவு போனால் எந்த நாட்டு நீதிமன்றத்திலே வழக்கு வைப்பீர்கள்? மூன்றாவதற்கு விடை இல்லையென்றால், அந்தக் காசை ஒழுங்கையிலே வைத்துவிட்டு வந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். தடை நீங்கிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு ஓடிப் போய் வாங்கவும் வேண்டாம். தடை வந்தது என்று கேட்டு ஒழுங்கையிலே அரைவிலைக்கு விற்கவும் வேண்டாம்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை காசை இழந்துவிட்டேன் என்று வந்து சொன்னால், முதல் வார்த்தையாக அடிக்க வேண்டாம். அடித்தால் அடுத்த பிள்ளை சொல்லாது. சொல்லாவிட்டால் அதே செயலி பக்கத்து வீட்டுக்கும் போகும். அவன் என் விறாந்தைக்கு வந்தது, அவனுடைய வீட்டிலே சொல்ல முடியாமல் போனதாலேதான். தாய்க்கு நான்தான் சொன்னேன். அந்தச் சங்கிலியை மீட்க அவர்களுக்கு இரண்டு வருடம் சென்றது. வெங்காயம் செய்து மீட்டார்கள்.

சங்க நூல்நிலையத்திலே வருகிற சனிக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணி முதல் நான் இருப்பேன். வங்கியிலே வேலை செய்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்படியான அழைப்பு ஏதும் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், காசு கட்டுமுன் கொண்டுவந்து காட்டுங்கள். கட்டியவர்களும் வரலாம்; பெயர் எழுத மாட்டோம். அடுத்ததாகப் பிள்ளைகளின் வில்லுப்பாட்டு இருக்கிறது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.